இன்மை அறிக்கை

ஒவ்வொரு மாதமும் எங்கள் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கலெக்டர் ஆபீசுக்குப் போகும் அறிக்கைகளில் கொத்தடிமைத் தொழிலாளர் பற்றியதும் ஒன்று. பல வருடம் அதைத் தயார் செய்தது நான்தான். பெரிய வேலை ஒன்றுமில்லை. போன மாத நகலை எடுத்து, தேதியை மாற்றி, எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ போட்டால் முடிந்தது. இன்மை அறிக்கை என்போம். டீ ஆறுவதற்குள் தபாலில் சேர்ந்துவிடும்.

2017இல் ஒரு மதியம், செங்கல் சூளையிலிருந்து மீட்ட பதினோரு இருளர் குடும்பங்களைக் கூட்டி வந்து வராந்தாவில் உட்கார வைத்தார்கள். வாக்குமூலம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் வந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். சேறு அரித்து விரல் நுனியெல்லாம் வெள்ளையாக வெடித்திருந்தது. மகள் பிரசவத்துக்கு 15,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து புருஷனும் இவரும் கல் அறுப்பார்களாம். வாரத்துக்கு ஒருமுறை சந்தைக் காசு 400 கைக்கு வரும். மீதிக் கூலி ஓனரின் நோட்டில்.

“எவ்வளவும்மா கழிஞ்சிருக்கு?”

“தெரியாது சாமி. கேட்டா கூடுது.”

அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அதிகாரி ஒரே கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டார்: “அடிச்சாங்களா? பூட்டி வெச்சாங்களா?” இல்லை என்றார்கள். “அப்புறம் எப்படிக் கொத்தடிமை? இது கூலித் தகராறு” என்று பேனாவை மூடினார். 1976ஆம் வருடச் சட்டம் பூட்டையோ சங்கிலியையோ கேட்கவில்லை. வாங்கிய முன்பணத்துக்காக வேறு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தாலே போதும். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எல்லாம் எங்கள் பீரோவில் கட்டுக் கட்டாக இருந்தது.

அவர் லஞ்சம் வாங்கியதாக நான் நினைக்கவில்லை. இவர்கள் கொத்தடிமையிலிருந்து விடுபட்டவர்கள் என்று சொல்லும் விடுதலைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டால், போன மாதம் அதே கையெழுத்தோடு போன ‘இல்லை’ பொய்யாகிவிடும். ஏன் முன்பே தெரியவில்லை என்று விளக்கம் கேட்பார்கள். கொத்தடிமை முறையைக் கவனிக்கச் சட்டப்படி அமைத்த கண்காணிப்புக் குழு கூடாமலே நான் எழுதிவைத்த கூட்டக் குறிப்புகளும் வெளியே வரும். போடாவிட்டால்? கேட்க ஒரு நாதி கிடையாது. வராந்தாவில் இருந்தவர்களில் பலருக்குச் சாதிச் சான்றிதழே இல்லை. உரிமையைக் கொடுத்தால் நோட்டீஸ் வரும், மறுத்தால் ஒன்றும் வராது. இப்படி ஓர் ஏற்பாட்டில் நல்ல மனிதரை உட்கார வைத்தாலும் பேனாவை மூடத்தான் செய்வார்.

சாயங்காலம் மேலிடத்திலிருந்து போன் வந்தது. சான்றிதழ்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தயாராயின. மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கு இரண்டு லட்சம் என்று திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அப்போது முழுத் தொகையும் வர, வழக்கில் தண்டனை ஆக வேண்டியிருந்தது. எத்தனை வருடமோ.

அந்த அம்மா சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நோட்டுல அடிச்சிட்டாங்களா சாமி?” என்றார். சட்டப்படி கடன் தீர்ந்துவிட்டது என்றேன். “அந்த நோட்ட ஒருவாட்டி காட்டுங்களேன்.”

சூளையிலிருந்து அந்த நோட்டை எடுத்து வர யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. எனக்கும்தான்.