மேல்மண் குவியலுக்கும் வயதாகும்

ஒரு ஹெக்டர் நிலத்தில் மேலே இருக்கும் 20 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் வழித்தெடுத்தால் 2,000 கன மீட்டர் வரும். தோண்டிய மண் உப்பிக்கொள்ளும் என்பதால் குவியலில் அது இன்னும் கூடும். குவியல் இரண்டு மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்றால், சரிவுகளையும் சேர்த்து ஏறக்குறைய அரை ஏக்கர் இடம் வேண்டும். குவாரியின் திட்டக் கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னதும் எல்லார் முகமும் மாறும். கல் அரைக்கும் ஆலைக்கு இடம் உண்டு, லோரி திரும்ப இடம் உண்டு, எடைமேடைக்கு உண்டு. மண்ணுக்கு அரை ஏக்கரா என்பார்கள்.

நான் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் சுற்றுச்சூழல் பிரிவில் இருக்கிறேன். வேலையில் பெரும்பகுதி சிலாங்கூர் மலையடிவாரத்துக் கருங்கல் குவாரிகளில்தான். பாறையை உடைப்பதற்கு முன் அதன்மேல் இருக்கும் மண்ணை எடுத்துப் பத்திரப்படுத்துவதும், வேலை முடிந்த பகுதிகளில் திரும்பப் பரப்புவதும் என் பொறுப்பு. இத்தனை காலத்தில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. மேல்மண்ணை எடுக்கிற அன்றைக்கே அது எங்கே போய்ச் சேரப் போகிறது என்று முடிவாகியிருக்க வேண்டும். "இப்போதைக்கு ஓரமாகக் கொட்டி வையுங்கள், பிறகு பார்க்கலாம்" என்ற பேச்சில்தான் மண் வீணாகிறது.

மேல்மண் போனால் என்ன ஆகும் என்று பார்க்க இந்த ஊர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1857-இல் ஈயம் தேடி வந்தவர்கள் கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் இடத்தில் இறங்கி அம்பாங் பக்கம் நடந்ததில் பிறந்த ஊர் இது. தித்திவங்சா ஏரியும் சுங்கை பீசி பக்கத்து ஏரியும் ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், தோண்டிய குழிகளில் தேங்கிய தண்ணீர்தான். லம்பத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைப் பம்பு போட்டு மேலே ஏற்றி, பலோங் என்ற நீண்ட மரச் சரிவில் ஓட விடுவார்கள். கனமான ஈயத்தாது குறுக்குக் கட்டைகளில் தங்கிவிடும், மற்றதெல்லாம் வழிந்து போகும். மணல் பக்கத்திலேயே குவியும், களி தள்ளிப் போய்க் குட்டைகளில் படியும். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அதுவும் சேற்றோடு சேர்ந்தே போயிற்று. 1985 அக்டோபரில் ஈய விலை சரிந்து லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது, மிஞ்சியது இப்படிப் பிரிந்து கிடந்த மணலும் களியும்தான். அந்த மணலில் தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. நண்பகலில் கால் வைக்க முடியாத சூடு வேறு.

கெப்போங்கில் இருக்கும் மலேசிய வன ஆய்வுக் கழகத்தை, அதாவது நாம் ஃபிரிம் என்று சொல்லும் இடத்தை, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் கட்டாயம் காட்டுவேன். 1926-இல் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது அங்கே பெரும்பாலும் கைவிட்ட ஈய லம்பமும் காய்கறித் தோட்டமும் லாலான் புல்லும்தான் இருந்தன. இன்றைக்கு 500 ஹெக்டருக்கு மேல் காடு. 2025-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அதற்கு ஏறக்குறைய நூறு வருடமும், தலைமுறை தலைமுறையாக மரம் நட்டவர்களின் உழைப்பும் தேவைப்பட்டன. எந்தக் குவாரி முதலாளி நூறு வருடம் கூடவே இருந்து பார்ப்பார்? நமக்கு இருக்கும் குறுக்கு வழி அந்த 20 சென்டிமீட்டர் மண் ஒன்றுதான்.

அதை எடுப்பதில் பாதி வேலை எக்ஸ்கவேட்டர் ஓட்டுநரின் கண்ணில் இருக்கிறது. கருங்கல் மலையில் மேல்மண் பழுப்பாகவோ கருமையாகவோ இருக்கும். சட்டென்று மஞ்சளும் சிவப்புமாக அடிமண் தொடங்கிவிடும். அந்த நிறம் மாறும் இடத்தில் கையை நிறுத்த வேண்டும். எங்களோடு வேலை செய்யும் ஓட்டுநர் அண்ணன் ஒருவர் பற்கள் வைத்த வாளியைக் கழற்றிவிட்டு, நேர் விளிம்பு உள்ள வாளியை மாட்டிக்கொள்வார். பின்னால் நகர்ந்தபடியே வழிப்பார், வழித்த இடத்தில் வண்டியை ஏற்றவே மாட்டார். "ஆழமா அள்ளுனா லோரி சீக்கிரம் நிறையும் தம்பி. ஆனா அடிமண்ணு கலந்துட்டா அப்புறம் அது மேல்மண்ணு இல்ல" என்பார். சரியான பேச்சு. இங்கத்து அடிமண்ணில் புளிப்புத் தன்மை அதிகம். அதில் இருக்கும் அலுமினியம் இளம் வேரை வளரவிடாது. அளவு கூட வேண்டும் என்று அதைக் கலந்தால் நல்ல மண்ணும் சேர்ந்து கெடும்.

ஈரமும் பார்க்க வேண்டும். கொஞ்சம் மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினால், உதிராமல் மெல்லிய திரியாக நீள்கிறதா? அன்றைக்கு வேலை வேண்டாம். ஈர மண்ணை அள்ளினால் அழுந்தி, காற்றுப் போகும் துளைகள் எல்லாம் அடைந்துவிடும். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையானால் இடியோடு மழை கொட்டும். அதனால் முடிந்தவரை ஜூன், ஜூலையில், அதுவும் காலை நேரத்தில், வழிப்பதை முடித்துக்கொள்ளப் பார்ப்பேன். அட்டவணை எப்போதும் விட்டுக்கொடுக்காதுதான். கேட்டுப் பார்ப்பதை நான் நிறுத்தியதில்லை.

இனி குவியலுக்கு வருகிறேன். இரண்டு மீட்டர் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் காற்று. உயரமான குவியலின் உள்ளே காற்றுப் போகாது. மண்புழு சாகும், வேரோடு கூட்டுவாழ்க்கை நடத்தும் பூஞ்சைகள் குறைந்துகொண்டே போகும், காட்டு விதைகள் அழுகும். தழைச்சத்து அமோனியமாகத் தேங்கும். திரும்பப் பரப்பியதும் அது நைட்ரேட்டாக மாறி, இரண்டு பெரிய மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். பல வருடம் கிடந்த உயரமான ஒரு குவியலை வெட்டிப் பார்த்திருக்கிறேன். மேலே ஒரு முழம் வரை நல்ல மண், வேர் ஓடியிருந்தது. அதற்குக் கீழே சாம்பலும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக, கழுவாத தண்ணீர்த் தொட்டியின் அடியில் வரும் வாடை. கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிராமல் கட்டியாகவே நின்றது.

குவியலின் மேலே மூடுபயிர், அதாவது மண்ணை மூடிப் படரும் கொடி, போட்டே ஆக வேண்டும். இதில் நம் தோட்டத்து மக்களை மிஞ்ச ஆளில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்களில் ஒரு புல் விடாமல் சுத்தமாக வழித்து வைப்பதுதான் நல்ல பராமரிப்பு என்று நினைத்தார்கள். மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போன பிறகுதான் புவரேரியா, கலபோகோனியம், சென்ட்ரோசீமா போன்ற கொடிகளை மரங்களுக்கு நடுவே வளர்க்கும் பழக்கம் பரவியது. எங்கள் குவாரியில் விதை வேலைக்கு வரும் அம்மா ஒருவர் அந்தத் தோட்டங்களில் வளர்ந்தவர். விதையின் தோல் இளகுவதற்காகச் சுடுநீரில் ஊற வைத்து, பாறைப் பாஸ்பேட் தூளில் புரட்டி, மேகம் கூடும் நாளாகப் பார்த்துத் தூவுவார். "வெயில்ல போட்டா குருவிக்குத்தான் தீனி" என்பார். வடகிழக்கு இந்தியாவிலிருந்து கேரள ரப்பர் தோட்டங்கள் வழியாக இங்கே வந்த முக்குனா பிராக்டியாட்டா என்ற கொடியை இப்போது செம்பனைத் தோட்டங்களில் நிறையப் பார்க்கலாம். ஆனால் அது அசுர வேகத்தில் படர்ந்து, இயல்பாக முளைக்கும் செடிகளையும் மூடிவிடும். அதனால் நான் பழைய கொடிகளையே கேட்டு வாங்குகிறேன்.

இவ்வளவு பார்த்துச் செய்தும் மண் போய்விடுவது உண்டு. ஓர் இடத்தில் கல் கொட்ட இடம் வேண்டும் என்று குவியலை இரண்டு முறை நகர்த்தினார்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் அடிமண் கலந்தது, அமைப்பு உடைந்தது. இன்னோர் இடத்தில் ஒப்பந்தக்காரர் பாதியை லோரியில் ஏற்றி, பூங்கா அமைப்பவர்களுக்கு விற்றுவிட்டார். நகரத்தில் நல்ல மண்ணுக்குக் கிராக்கி இருக்கிறது, யாரும் கேட்கப் போவதில்லை என்ற தைரியம். அதைக் கண்ட அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பல்லாயிரம் மழைக்காலம் உருவாக்கிய மண் அது. இப்போது ஒவ்வொரு குவியலுக்கும் பலகை வைத்து, அளவு எடுத்து, வரைபடத்தில் குறித்து மாத அறிக்கையில் சேர்க்கச் சொல்கிறேன்.

குவியலே இல்லாமல் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் புதிதாகத் திறக்கும்போது இன்னொரு பக்கம் பாறையைப் படிபடியாக வெட்டியதில் வேலை முடிந்த படி இருந்தால், வழித்த மண்ணை அன்றைக்கே அங்கே கொண்டுபோய்ப் பரப்பிவிடலாம். விதையும் வேரும் உயிரோடு போய்ச் சேரும். அப்படிப் போட்ட இடங்களில் யாரும் நடாமலே செண்டுடுக் செடியும் மகாங் மரமும் முளைத்து வருவதைப் பார்த்திருக்கிறேன். இதற்குத் திறக்கும் வரிசையையும் மூடும் வரிசையையும் ஒரே கையால் திட்டமிட வேண்டும். பெரும்பாலான குவாரிகளில் அவை இரண்டும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கின்றன.

பரப்புவதிலும் ஒரு சண்டை உண்டு. முதலில் இறுகிய அடித்தளத்தைக் கொக்கியால் கிழித்துவிட வேண்டும். அதன்மேல் மண்ணை லேசாகக் கொட்டி, மேடுபள்ளமாகவே விட்டுவிட வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் தங்கும், விதை தங்கும். ஆனால் புகைப்படத்தில் அழகாக வர வேண்டும் என்று புல்டோசரை ஏற்றி மைதானம் மாதிரி தட்டிவிடத் துடிப்பார்கள். போன மாதமும் அதே வாக்குவாதம்தான். புல்டோசர் சாவியை அன்று மாலை வரை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.