தேன் இல்லாத பூவுக்கு இத்தனை கூட்டம்: காட்டுப் பாப்பி வளர்த்த அனுபவம்

தேனீக்களை வரவழைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தேன் நிறைந்த பூக்களைத்தான் தேடுவார்கள். காட்டுப் பாப்பி என்ற சிவப்புப் பூவில் சொட்டுத் தேன்கூடக் கிடையாது. அது தருவது மகரந்தம் மட்டும்தான், ஆனால் வாரி வழங்கும். அதற்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்க்கவே ஒரு பாத்தி முழுக்க இதை விதைத்தேன்.

விதைப் பொட்டலத்தில் 'பப்பாவர் ரோயஸ்' என்ற தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'பப்பாவர் சோம்னிஃபெரம்' என்றிருந்தால் அது அபின் எடுக்கும் கசகசாச் செடி. பல நாடுகளில் அதை வளர்க்கச் சட்டக் கட்டுப்பாடு உண்டு.

விதை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. காய்ந்த மணலோடு கலந்து, குளிர் இருக்கும்போதே தூவினேன். வெளிறிய மணல் விழுந்த இடம் தெரிவதால், எங்கே விட்டுப்போனது என்பதும் தெரிந்துவிடும். முளைக்க வெளிச்சம் வேண்டுமென்பதால் மேலே மண் போடவில்லை. உள்ளங்கையால் அழுத்தி, ஸ்பிரேயரால் நனைத்ததோடு சரி. உழுத வயல்களில் களையாக வளர்ந்த செடி இது. புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மண் கிளறப்பட்டு வெளிச்சம் பட்டால் எழும். முதல் உலகப் போரில் குண்டுகள் கிளறிப்போட்ட, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி மண்ணில் பாப்பி மண்டிப் பூத்ததும் இப்படித்தான்.

நாற்றுகள் நெருக்கமாக வந்தன. ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. சாணளவு இடைவெளி விட்டு மற்றதையெல்லாம் களைந்தேன். மனசு கேட்காதுதான், வேறு வழியில்லை. தண்டில் கறுப்பு அசுவினிப் பூச்சி ஏறியபோது மருந்து அடிக்கவில்லை. தேனீக்கு விருந்து வைக்கும் இடத்தில் விஷம் எதற்கு? தண்ணீரைப் பீய்ச்சியதிலேயே பெரும்பாலும் போய்விட்டது.

மொட்டு தலையைத் தொங்கப்போட்டபடியே இருக்கும். பூக்கும் தறுவாயில் நிமிரும். மூடியிருந்த இரண்டு புல்லிகளும் உதிர, கசங்கிய பட்டுத்துணி போல நான்கு இதழ்கள் விரியும். இதெல்லாம் அதிகாலையிலேயே நடந்துவிடுகிறது. தேனீக்களும் அப்போதே ஆஜர். மகரந்தம் கருமை நிறம் என்பதால், கால்களில் கரிய உருண்டையுடன் பறக்கும் தேனீயைப் பார்த்தாலே எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். மஞ்சள் கறுப்புப் பட்டையோடு அந்தரத்தில் நின்று பறக்கும் ஈக்களும் மகரந்தம் தின்ன வருகின்றன. வெயில் ஏறியபின் கூட்டம் கலைந்துவிடும். வண்ணத்துப்பூச்சிகள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவற்றுக்குத் தேன்தானே வேண்டும்!

தேனீயின் கண் நம் கண் போன்றதல்ல, அதற்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. 1914இலேயே விலங்கியல் ஆய்வாளர் கார்ல் வான் ஃப்ரிஷ் தேனீக்களின் நிறப்பார்வை பற்றிய தன் சோதனைகளை வெளியிட்டுவிட்டார். பிறகு எதைப் பார்த்து இந்தச் சிவப்புப் பூவுக்கு வருகிறது? இதழ்கள் புற ஊதாக் கதிரையும் பிரதிபலிக்கின்றன; அது தேனீயின் கண்ணுக்குத் தெரியும்.

வந்துபோன பூச்சிகளை என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாகக் கணக்கு வைத்தது செடிதான். இந்த இனத்தில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் விதை பிடிக்காது; பக்கத்துச் செடியிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். என் பாத்தியில் காய்கள் நன்றாகவே பருத்தன. யாரும் கவனிக்காத நேரத்திலும் வரத்து இருந்திருக்கிறது.

ஒரு பூ ஓரிரு நாள்தான் தாங்கும். உதிர்ந்ததும் காயைக் கிள்ளிவிட்டால் செடி மேலும் பூக்கும், விட்டுவைத்தால் விதை கிடைக்கும். பாதிச் செடிகளில் கிள்ளினேன், மீதியை முற்றவிட்டேன். காய்ந்த காயின் மூடிக்குக் கீழே சின்னத் துளைகள் திறந்ததும், காகித உறைக்குள் கவிழ்த்து உலுக்கினால் போதும்.

அடுத்த விதைப்பை இரண்டு வார இடைவெளியில் மூன்று தவணையாகப் பிரிக்கப் போகிறேன், பூக்காலம் நீளும். ஓரத்தில் லாவெண்டரும் காஸ்மாஸும் சேர்க்கிறேன். மதியத்துக்கு மேல் வருபவர்களுக்கும் ஏதாவது வேண்டுமே.