ஐம்பத்தொரு ரீம்

யாங்கோனில் கரன்ட் வரும்போது தெருவே சத்தம் போடும். "மீ லாபி!" என்று முதல் மாடியில் ஒரு பிள்ளை கத்தினால் அது எட்டாம் மாடிவரைக்கும் ஏறிப் போகும். கீழே எங்கள் அச்சகத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருக்கிற பையன்கள் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு மெஷினுக்கு ஓடுவார்கள். "மீ லாபி" என்றால் பர்மியத்தில் விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நாலு மணி நேரம் இருக்கும், நாலு மணி நேரம் இருக்காது, சில வாரங்களில் அந்தக் கணக்கும் நிற்காது. ஜெனரேட்டரிலேயே ஓட்டலாம் என்றால் வேலைக்கு வாங்குகிற காசு டீசலுக்கே போய்விடும். அதனால் எங்களுக்கு அந்த நாலு மணி நேரம்தான் ஒரு நாள்.

நான் இந்த வேலைக்கு வந்தது 1998-ல். அப்போதும் மின்தடை உண்டு, ஆனால் இப்போது இருப்பதுபோல் வாழ்க்கையையே அதைச் சுற்றிக் கட்டவேண்டியிருக்கவில்லை. ஆஃப்செட் மெஷின் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று வெளியே உள்ளவர்களுக்குத் தெரியாது. சிலிண்டர்களுக்கு நடுவில் ஒரு தாள் மாட்டிக்கொண்டு நிற்கும், கைச்சக்கரத்தைச் சுற்றி அதைக் கிழியாமல் வெளியே எடுக்கவேண்டும். ரோலரில் இருக்கிற மை காய ஆரம்பிக்கும். முதலில் பளபளப்பு போகும், அப்புறம் விரலை வைத்தால் நூல்போல் இழுக்கும், அதற்கும் மேலே விட்டால் பாலாடைபோல் ஒரு படலம் கட்டிவிடும். அதற்குள் டார்ச் வெளிச்சத்தில் மண்ணெண்ணெய் போட்டு ரோலர் ரோலராகத் துடைத்து எடுக்கவேண்டும். திரும்பக் கரன்ட் வந்து ஓட்டும்போது பழைய நிறம் வராது. நவம்பர், டிசம்பரில் காலண்டர் ஓட்டுகிறோம் என்றால், ஷ்வேடகோன் பகோடா படத்தில் மின்தடைக்கு முன்னால் ஓடிய தாளில் ஒரு வானம், பின்னால் ஓடிய தாளில் இன்னொரு வானம். இரண்டையும் கலந்து பைண்டிங்குக்கு அனுப்ப முடியாது.

இதனால் ஒரு பழக்கம் வந்தது. இருட்டில் இருக்கிற நேரத்திலேயே, வெளிச்சம் வந்தால் எதை முதலில் ஓட்டுவது என்று முடிவு செய்து வைத்துவிடுவோம். வெட்டுவது, மடிப்பது, எண்ணுவது, பசை போடுவது எல்லாம் கரன்ட் இல்லாமலும் நடக்கும். கரன்ட் இருந்தால் மட்டுமே நடக்கிற வேலை எது? அதுதான் முதலில். அச்சுக்கான பிளேட் எடுப்பதும் மெஷின் ஓட்டுவதும் முதலில், மற்றதெல்லாம் பிறகு. யோவான் 9-ல் இயேசு சொன்னாரே, "பகற்காலமிருக்குமட்டும் நான் என்னை அனுப்பினவருடைய கிரியைகளைச் செய்யவேண்டும், ஒருவரும் கிரியை செய்யக்கூடாத இராக்காலம் வருகிறது" என்று, அந்த வசனம் எங்கள் அச்சகத்துக்கென்றே எழுதினதுபோல எனக்குத் தோன்றும். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணினதுதான். ஆனால் அதை மெஷினுக்கு மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் தவறு அங்கேதான்.

சங்கீதம் 90-ல் மோசே, எங்கள் ஆயுசு நாட்கள் எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது என்கிறார். அதே சங்கீதத்தில்தான் நாட்களை எண்ணும் அறிவைக் கேட்கிறார். நான் ஒரு நாள் இருட்டில் உட்கார்ந்து உண்மையாகவே எண்ணிப் பார்த்தேன். எழுபது வருஷம் என்றால் 25,500 சொச்சம் நாள். ஒரு ரீமுக்கு 500 தாள். ஒரு நாளுக்கு ஒரு தாள் என்று வைத்தால் ஒரு மனிதனின் எழுபது வருஷம் 51 ரீம். எங்கள் கிடங்கில் 51 ரீம் என்பது ஒன்றுமே இல்லை, ஒரு மூலையில் அடுக்கிவிட்டு அதன்மேல் டீ கிளாஸ் வைத்துக்கொள்வோம். எனக்கு 52 வயது, 37 ரீமுக்கு மேல் ஓடிவிட்டது, 38-வது முடியப்போகிறது. மீதி பதின்மூன்று என்றாலும் அது வாக்குத்தத்தம் இல்லை. 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை பகல் 12.50-க்கு மாண்டலே பக்கம் பூமி அதிர்ந்தபோது எத்தனை பேர் தொழுகையில் இருந்தார்கள், எத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சக்காலம் தோன்றி மறைகிற புகை என்று யாக்கோபு எழுதினதை நாங்கள் இங்கே யாரும் வர்ணனையாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

எனக்கு இந்தத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒருவர். பெயர் வேண்டாம், எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். ஈய எழுத்துக் காலத்து ஆள். தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் கையால் கோப்பார், எழுத்துகள் இருக்கிற கேஸ் பெட்டியைப் பார்க்காமலே விரல் போய் எழுத்தை எடுக்கும். 1960-களின் நடுவில் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அவர் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தார். அதோடு அவருடைய தமிழ்ப் படிப்பு நின்றது. பிறகு எங்கள் சனத்தில் தமிழ் என்பது கோயிலிலும் சபையிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்கிற ஒன்றாக ஆகிவிட்டது. அவர் எங்கள் சபையில் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். என் மகளுக்கும் அவர்தான் எழுத்து அறிவித்தார்.

2019-ல் ஒரு நாள் அச்சகத்துக்கு வந்தார். "தம்பி, பிள்ளைங்களுக்கு ஒரு சின்ன அரிச்சுவடி போடணும். ஊர்ல இருந்து வர்ற புத்தகம் நம்ம பிள்ளைங்களுக்குச் சரியா வரல. நான் எழுதித் தர்றேன், நீ உட்கார்ந்து என்கூட ஒரு நாலு சாயங்காலம் பார்த்தா போதும்" என்றார். நாலு சாயங்காலம். நான், "காலண்டர் சீசன் முடியட்டும் அண்ணே" என்றேன். சீசன் முடிந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது. அதற்கப்புறம் 2020-ல் கொரோனா, கடை அடைப்பு, திறந்தபோது பழைய பாக்கி வேலைகள். அவர் இரண்டு தடவை மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை, வந்து டீ குடித்துவிட்டு, மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கேட்காமல் போனாரே என்பது அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

2021 ஜூலையில் இந்த ஊர் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். அண்ணனின் மகனோடு நானும் ஒரு நாள் முழுக்க நின்றேன். சிலிண்டர் நிரம்பி வீடு வந்தபோது அவர் இல்லை. அவருக்கு 69 வயது, 50 ரீம்.

அடக்கத்துக்கு நாலு பேர்தான் போக முடிந்தது. நான் அச்சகத்துக்கு வந்து உட்கார்ந்தேன். காலண்டர் சீசன் முடியட்டும் என்று சொன்னேனே, அந்த சீசனில் ஓட்டிய காலண்டர்கள் எல்லாம் அந்த வருஷம் முடிந்ததும் கிழித்துப் போட்டாயிற்று. அதில் ஒரு தாள்கூட இன்று யார் வீட்டிலும் இருக்காது.

அதுவரைக்கும் நான் என்னை நேரத்தை வீணாக்காத ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். குடிக்கிறதில்லை, சும்மா உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறதில்லை, ஞாயிறு ஆராதனை தவறுகிறதில்லை. "நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை நிறைய வேலை செய் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு எங்கள் போதகர் ஒரு வேதபாடத்தில் சொன்னார், கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது சந்தையில் பயன்படுகிற சொல், விலைகொடுத்து வாங்கி மீட்டுக்கொள்வது என்று. எழுதினவரும் அப்போது கட்டுண்டு காவலில் இருந்தவர். விலை கொடுத்து என்றால் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கவேண்டும். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் ஒரே நாளுக்குள் திணிக்கப் பார்த்தேன், திணிக்க முடியாதபோது காத்திருக்கத் தெரிந்த மனிதர்களைக் காக்கவைத்தேன். பணம் தருகிறவன் காத்திருக்கமாட்டான், அண்ணன் காத்திருப்பார். நம்மை நேசிக்கிறவர்களைத்தான் நாம் கடைசியில் நிறுத்துகிறோம்.

இந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர் கதை தெரியும். 1813-ல் ரங்கூனில், அதாவது இதே யாங்கோனில், வந்து இறங்கினார், முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். ஆறு வருஷம். பெரும்பாலும் மொழி கற்பதிலும் எழுதுவதிலும் போன வருஷங்கள். நடுவில் 1816-ல் ஹஃப் என்கிற அச்சுத் தொழிலாளி ஒருவர் அச்சு இயந்திரத்தோடு வந்து சேர்ந்தார் என்று படிக்கும்போது என் தொழில்காரர் ஒருவரைச் சந்தித்ததுபோல இருக்கும். ஜட்சனைப் பிறகு அன்றைய அரச தலைநகர் ஆவாவில் சிறையில் போட்டார்கள், மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார் அவர் மனைவி. வேதாகமம் முழுவதையும் ஜட்சன் பர்மியத்தில் மொழிபெயர்த்து முடித்தது 1834-ல், வந்து இருபத்தொரு வருஷம் கழித்து. அதே நேரம் நம் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு ஐயரைப் பாருங்கள், 1706-ல் வந்தார், 1719-ல் போய்விட்டார், வயது 36. அதற்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி மக்கள் கையில் இருந்தது. ஒருவருக்கு நீண்ட பகல், ஒருவருக்குக் குறுகின பகல். இரண்டு பேரும் எனக்குக் காட்டுவது ஒன்றுதான்: எது தங்கள் கையில் கொடுக்கப்பட்டது என்று தெரிந்திருந்தது, அதை அடுத்த சீசனுக்குத் தள்ளவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஓடு, அவசரப்படு என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ளவேண்டாம். எந்த வேலைக்கும் முதல் முப்பது நாற்பது தாள் கழிவு போகும், மையும் தண்ணீரும் சமப்படுவதற்காக. அந்தத் தாளை மிச்சப்படுத்த நினைக்கிற புதுப் பையன் ஒரு ரீமையே கெடுத்துவிடுவான். காலையில் ஜெபத்தில் உட்காருகிற அரைமணி நேரத்தை நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். அன்றைய தாளில் யார் யார் இருக்கிறார்கள் என்று அங்கேதான் தெரியவருகிறது.

இப்போது இருட்டு மணி நேரங்களில் நான் அச்சகத்தில் உட்காருவதில்லை. மடிப்பதைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மௌலமைனிலிருந்து போன் வந்த பையனை டிசம்பரிலேயே அனுப்பினேன், "சயா, காலண்டர்?" என்று அவனே கேட்டான் (சயா என்றால் பர்மியத்தில் ஐயா). போ என்றேன். அந்த வாரம் ஒரு ஆர்டர் கைவிட்டுப் போனது உண்மை, முதலாளி கோபித்துக்கொண்டதும் உண்மை.

அரிச்சுவடியை 2022-ல் அச்சடித்தேன். 32 பக்கம், கறுப்பு மை மட்டும், 200 பிரதி. அண்ணன் எழுதித் தருவதாகச் சொன்னது என்னிடம் இல்லாததால் ஊரிலிருந்து வந்த ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துச் சொற்களை நானே போட்டேன். முதல் பிரதியை எடுத்துக்கொண்டு மதினியைப் பார்க்கப் போனேன். அவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்கள். ழ பக்கத்தில் நின்றார்கள். நான் யாழ் என்று போட்டு ஒரு யாழ் படமும் வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார்கள். அண்ணனின் கையெழுத்து, கோத்த எழுத்துபோல ஒரே அளவு. ழ பக்கத்தில் அவரும் முதலில் யாழ் என்றுதான் எழுதியிருந்தார். அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் "மழை" என்று எழுதி, கீழே சின்னதாக, "நம் பிள்ளைகள் யாழைப் பார்த்ததில்லை" என்று குறித்திருந்தார்.

"உங்ககிட்ட குடுக்கணும்னுதான் வச்சிருந்தாரு தம்பி" என்றார்கள் மதினி.

அந்த நோட்டில் அப்படி இருபத்துமூன்று இடம் இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்து மாற்றிக்கொண்டிருக்கிறேன், மதினியோடு உட்கார்ந்து, புரியாத இடத்தில் அவர்களைக் கேட்டு. நாலு சாயங்காலத்தில் முடியவில்லை, பதினோராவது சாயங்காலம் நடக்கிறது. ழ பக்கத்துக்கு என் மகள் ஒரு படம் வரைந்து கொடுத்திருக்கிறாள்: கொட்டுகிற மழையில் ஒரு சந்து, இரண்டு பிள்ளைகள், ஒரே குடை. அடுத்த தடவை கரன்ட் வந்ததும் முதலில் எடுக்கப்போகிற பிளேட் அதுதான்.