கேசிங்கில் ஓட்டை: ஒரு பட்டறை நாட்குறிப்பு

2024 ஒக்டோபர் 5, சனி

கம்ப்யூட்டர் கேசிங்கின் மேல்மூடியில் 120 மி.மீ. ஃபேனுக்கு இடம் வெட்டும் வேலை. ஃபேன் 120 என்பதற்காக வட்டத்தையும் 120க்கு வெட்டினால் அதன் சட்டம் தகட்டில் உட்காரப் பக்கங்களில் இடம் இருக்காது. 114 மி.மீ. ஹோல் சோ (வட்டமாக வெட்டும் ரம்பம்) போதும். திருகு ஓட்டைகள் நடுவுக்கு நடு 105 மி.மீ.; 140 ஃபேனுக்கு 124.5, 80க்கு 71.5. இந்தத் திருகு ஓட்டைகள் நான்கையும் முதலில் போட்டுவிட வேண்டும். நடுத்தகடு போன பிறகு அளவெடுக்க மையம் கிடைக்காது.

ஹோல் சோ கீச்சிட்டு, புகைந்து, பல்நுனி நீலம் பாரித்தால் காரணம் வேகம்தான். 114 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு ஏறக்குறைய 358 மி.மீ. நிமிடத்துக்கு 500 சுற்றில் ஒவ்வொரு பல்லும் 179 மீட்டர் ஓடுகிறது. மென் இரும்பில் பைமெட்டல் பல் தாங்குவது 25, 30 மீட்டர். அதாவது நிமிடத்துக்கு 70, 80 சுற்று. மேசைமேல் தூணில் நிற்கும் சிறிய பென்ச் ட்ரில்கள் பெரும்பாலும் 500க்குக் கீழே இறங்குவதில்லை. இணையத்து வேக அட்டவணைகளை நம்பவும் முடியாது. அவற்றில் பல அமெரிக்க 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் 1725 சுற்று ஓடும் மோட்டாருக்கு எழுதியவை. எங்கள் 50 ஹேர்ட்ஸில் மோட்டார் 1420 அளவில் ஓடும். அட்டவணையில் 620 என்றிருக்கும் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) இங்கே 510. அதுவும் ஏழு மடங்கு அதிகம். லோ கியர் உள்ள, பக்கக் கைப்பிடி பூட்டிய கை ட்ரில்லில் ட்ரிகரை மெல்ல அழுத்தி வெட்டலாம். அது இல்லையென்றால் இந்த அளவுக்கு, பிளேடு மேலும் கீழும் ஓடும் ஜிக் சோதான் நல்லது.

2024 ஒக்டோபர் 7, திங்கள்

தகடு பிடுங்கிக்கொண்டு சுழலும் விபத்து வெட்டின் தொடக்கத்தில் வருவதில்லை. முடியப்போகும் கணத்தில் வரும். கேசிங் தகட்டின் தடிப்பு 0.6 முதல் 0.8 மி.மீ. வரைதான். ஹோல் சோ இம்மி சாய்ந்தாலும் வட்டத்தின் ஒரு பக்கம் முதலில் அறுந்துவிடும். மறுபக்கம் இன்னும் ஒட்டியிருக்க, அறுந்த விளிம்பு பல்லிடுக்குக்குள் நுழையும். மோட்டார் நிற்காது, தகடுதான் சுற்றும். பக்கமூடி ஒன்றின் மூலை அந்த வேகத்தில் விரலை எலும்புவரை கீறும்.

தகட்டின் அடியில் 12 மி.மீ. பிளைவுட், மேலே 6 மி.மீ. பிளைவுட், நான்கு மூலையிலும் கிளாம்ப். ஹோல் சோவின் நடுவிலுள்ள பைலட் பிட் மேல்பலகையில் பிடிப்பதால் ஹோல் சோ அலையாது, பெயின்டும் தப்பும். அறுந்த விளிம்பை இரண்டு பலகையும் அமுக்கிப் பிடிக்கும். தகட்டின் நீண்ட பக்கத்தைப் பென்ச் ட்ரில்லின் தூணுக்கு இடப்புறம் வைக்க வேண்டும். ட்ரில் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும். கிளாம்ப் வழுக்கினாலும் தகடு தூணில் முட்டி நிற்கும், ஆளின் வயிற்றுக்கு வராது. பெல்டையும் கொஞ்சம் தளர்வாக விடலாம், இறுகினால் அது வழுக்கட்டும்.

கையுறை வேண்டாம். சுழலும் பிட் துணியைப் பிடித்தால் கையோடுதான் இழுக்கும்.

2024 ஒக்டோபர் 9, புதன்

பென்ச் ட்ரில்லில் பிட்டைப் பிடிக்கும் சக் கழன்று, சுற்றிக்கொண்டே மேசையில் விழுவதைப் பற்றி இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். அங்கே சக்கைத் தாங்குவது திருகு அல்ல, அது ஏறி உட்காரும் கூம்பின் உராய்வு. கீழ்நோக்கி அழுத்தும்வரை அது இறுகும். பெரிய ஹோல் சோ அதிரும்போது பக்கவாட்டில் ஆடி விடுபடும். கூம்பில் ஒயில் இருந்தால் இன்னும் சுலபம். இரண்டு முகத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்து, பிசிர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, சக்கின் பற்களை முழுதாக உள்ளே இழுத்துவிட்டு, மரச்சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டும். இரும்புச் சுத்தியல் படக்கூடாது.

2024 ஒக்டோபர் 12, சனி

ஜிக் சோ வேலை. வட்டத்துக்குள் 10 மி.மீ. தொடக்க ஓட்டை, கோட்டிலிருந்து 1 மி.மீ. உள்ளே வெட்டு, மிச்சம் அரைவட்ட அரத்துக்கு. பிளேடு டி118ஜி, பல்லிடைவெளி 0.7 மி.மீ. மரப் பிளேடுகளில் அது 2.5, 4 என்று போகும். இடைவெளி தகட்டின் தடிப்பைவிட மிகவும் பெரிதானால் பல் கொக்கி போல மாட்டி, தகட்டைத் தூக்கி அடிக்கும்; பிளேடு முறியும். ஜிக் சோ மேலேறும்போதுதான் அறுக்கிறது, ஆகவே அதன் பாதத்தை விடாமல் அழுத்த வேண்டும். ஓர்பிட் (பிளேடை முன்பின் ஆட்டும் அமைப்பு) பூச்சியத்தில். பாதத்தின் கீழே மாஸ்கிங் டேப்.

பிளேடு கொழும்பு பழைய சோனகத் தெருவில் கிடைக்கும். பெட்டியில் எழுதியிருப்பதோடு விடாமல் பல்லையும் பார்த்து வாங்குங்கள்.

2024 ஒக்டோபர் 17, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கடைகள் பூட்டு.

2024 ஒக்டோபர் 21, திங்கள்

16, 19, 22 மி.மீ. சுவிட்ச் ஓட்டைகளுக்குச் சாதாரண பிட் கூடாது. அதன் நுனி தகட்டைத் தாண்டிய பிறகுதான் முழு விட்டமும் வந்து சேரும். பிடிமானம் இல்லாமல் பிட் அலைந்து மூன்று மூலை உள்ள ஓட்டையைப் போடும், கடைசியில் தகட்டைத் தன் மேல் ஏற்றிக்கொள்ளும். படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட்டில் இது இல்லை. அதில் வரும் பிழை வேறு: ஒரு படி அதிகம் இறங்கினால் ஓட்டை பெரிதாகிவிடும், திரும்ப வழியில்லை. வேண்டிய படிக்கு மேலே டேப் சுற்றி வையுங்கள்.

அலுமினிய மூடியில் சீவல் பல்லில் ஒட்டி, பல் வழவழப்பாகி வெட்டாமல் தேய்க்கும். மண்ணெண்ணெய் தடவினால் ஒட்டாது. இரும்புக்குக் கட்டிங் ஒயில். டெம்பர் செய்த கண்ணாடி மூடியை எந்த பிட்டும் துளைக்காது, முழுதும் பொடியாகும்.

2024 ஒக்டோபர் 24, வியாழன்

வெட்டுமுன் மதர்போர்டும் பவர் சப்ளையும் வெளியே வர வேண்டும். பேப்பரால் மூடி வெட்டுவது போதாது. மயிரிழைச் சீவல் ஒன்று மதர்போர்டின் அடியில் கிடந்தாலே ஷோர்ட். காந்தத்தைப் பொலித்தீன் பையில் போட்டுத் தடவி, பையை உள்வெளியாகத் திருப்பினால் இரும்புத்தூள் பைக்குள் தங்கும். அலுமினியம் காந்தத்துக்கு வராது, தூரிகையும் வெக்குவமும்தான். காற்று அடிக்காதீர்கள், தூள் தகட்டு மடிப்புகளுக்குள் போய்ப் பிறகு உதிரும்.

கேசிங் தகட்டின் நாகப்பூச்சு (சிங்க்) வெட்டிய விளிம்பில் இல்லை. கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று அந்த விளிம்பைச் சீக்கிரம் செம்மஞ்சளாக்கும். அரத்தால் பிசிர் எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, சிங்க் பிரைமரை மெல்லியதாக இரண்டு தடவை. இந்த மாதம் பின்னேரங்களில் மழை, ஆகவே பிரைமரைக் காலையிலேயே அடித்துவிடுங்கள். காய்ந்த பிறகுதான் ரப்பர் விளிம்புப்பட்டி. முன்னதாகப் பூட்டினால் ஈரம் உள்ளே அடைபட்டு, துரு பட்டிக்குக் கீழேயே தொடங்கும்.