பள்ளியை விட்டு ஜிஎஸ்டி கணக்குக்கு வந்த கதை

திருப்பூரில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் 17 வருடம் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எடுத்தேன். 2022 ஏப்ரலில் விலகினேன். இப்போது சிறு பனியன் யூனிட்டுகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். வேலை மாறினேன் என்றதும் எல்லோரும் "என்ன கோர்ஸ் படிச்சீங்க டீச்சர்?" என்றுதான் கேட்கிறார்கள். பள்ளியிலிருந்து வர வேண்டியதை எப்படி வாங்கினீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பணம் கைக்கு வராமல் இருந்திருந்தால் என்னால் மாறியிருக்கவே முடியாது. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

விலகிய காரணம் நீளமானது அல்ல. கொரோனா காலத்தில் சம்பளம் பாதியானது, பள்ளி திறந்த பிறகும் பழைய நிலைக்கு வரவில்லை. பெண் கல்லூரிக்குப் போகும் வயது. வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம்.

தனியார் பள்ளிகளில் சேரும்போது டிகிரி, பி.எட். ஒரிஜினல் சான்றிதழ்களை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. என்னுடையதும் அங்கேதான் இருந்தது. ராஜினாமா கடிதத்திலேயே சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பெயர் குறிப்பிட்டுத் திருப்பித் தரக் கேட்டேன். கடிதத்தின் நகலில் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் போட்ட அனுபவச் சான்றிதழையும் கையோடு வாங்கினேன். பின்னால் எல்லா இடத்திலும் கேட்டது அந்த ஒரு தாளைத்தான்.

அடுத்தது பி.எஃப். நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் சிக்கல் இனிஷியலில்தான் வருகிறது. பள்ளி ரெக்கார்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் முழுசாக. யுஏஎன், அதாவது பி.எஃப்.புக்கு ஆளுக்கு ஒன்றாகத் தரும் எண், அந்தக் கணக்கில் இருக்கும் பெயரும் ஆதாரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் நகராது. அதைச் சரிசெய்ய நான் விலகியபோது நாமும் பள்ளியும் சேர்ந்து கையெழுத்திட்ட ஜாயின்ட் டிக்ளரேஷன் வேண்டியிருந்தது. பள்ளியின் கையெழுத்து தேவைப்படுகிற எதையும் விலகுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். விலகிய பிறகு அதே கிளார்க்குக்கு நம் ஃபைல் கடைசி ஃபைல் ஆகிவிடுகிறது. அன்றைய விதிப்படி இரண்டு மாதம் கழித்துப் படிவம் 19 போட்டுப் பி.எஃப். தொகையை எடுத்தேன். பென்ஷன் பகுதி வேறு. பத்து வருட சேவைக்கு மேல் இருந்தால் அதைப் பணமாக எடுக்க முடியாது. 10சி படிவம் போட்டு ஸ்கீம் சர்டிஃபிகேட் (அதுவரை பார்த்த சேவைக்கான சான்று) வாங்கி வைத்துக்கொண்டால் 58 வயதில் பென்ஷன் வரும்.

கிராஜுவிட்டியை, அதாவது வேலை பார்த்த வருடங்களுக்காக விலகும்போது தரும் பணிக்கொடையைக் கேட்டபோது, "டீச்சர்களுக்கு அதெல்லாம் கிடையாதுங்க, சுப்ரீம் கோர்ட்டில் கேஸ் இருக்கு" என்றார்கள். கேஸ் இருந்தது உண்மை. 1972ஆம் வருடக் கிராஜுவிட்டிச் சட்டத்தில் 'ஊழியர்' என்பதற்கான விளக்கத்தில் ஆசிரியர்கள் வரமாட்டார்கள் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்புறம் 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும்படி ஆசிரியர்களைச் சேர்த்தது. அதை எதிர்த்துத் தனியார் பள்ளிகள் வழக்கு போட்டிருந்தன. நான் விலகிய அதே வருடம் ஆகஸ்ட் 29ஆம் தேதி, திருத்தம் செல்லும், ஆறு வாரத்துக்குள் வட்டியோடு கொடுங்கள் என்று தீர்ப்பு வந்தது. அன்று சாயங்காலம் பழைய ஸ்டாஃப் ரூம் தோழிகள் எல்லோருக்கும் போன் போட்டேன். அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது. இத்தனை வருடம் பாடம் நடத்தியவர்களுக்கு இதை யாருமே சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

கணக்கு சுலபம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் டி.ஏ.வையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சேவை வருடங்களால் பெருக்க வேண்டும். 20,800 ரூபாய் வாங்கியவருக்கு 17 வருடத்துக்கு 2,04,000 ரூபாய். குறைந்தது ஐந்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். தீர்ப்பின் நகலோடு, கிராஜுவிட்டி கேட்டுப் பள்ளிக்குக் கொடுக்கும் படிவம் 'ஐ' எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்தப் படிவத்தை விலகிய 30 நாளுக்குள் தர வேண்டும் என்று அன்றைய விதியில் இருந்தது. ஆனால் தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தைச் சொல்லிப் பள்ளி மறுக்க முடியாது. பதில் வரவில்லை. தொழிலாளர் உதவி ஆணையரிடம் படிவம் 'என்' கொடுத்து முறையிடப் போகிறேன் என்று இன்னொரு கடிதம் போன பிறகுதான் கூப்பிட்டார்கள். வட்டியை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார்கள். தாமதத்துக்கு வருடத்துக்கு 10 சதவீதம் தனி வட்டி, அதுவும் சட்டப்படி வருவதுதான். விட்டுக்கொடுக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதனால் படிவங்களின் பெயரைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் நமக்கு நல்லது ஒன்று உண்டு. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மீதியை அலவன்ஸாகப் போடும் பள்ளிகளில், மொத்தத்தில் பாதிக்கு மேல் போகும் அலவன்ஸும் இனி சம்பளத்தோடு சேரும்.

விலகிய வருடமே புது வேலைக்கு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். பள்ளியில் வாங்கியதைவிடக் குறைவான சம்பளம். முதல் சில மாதங்களை பி.எஃப். பணமும், பிறகு வந்த கிராஜுவிட்டியும் தாங்கின.

பாடப்புத்தகத்தில் கணக்கு நல்ல பிள்ளையாக வரும். தேதி இருக்கும், தொகை இருக்கும், எது பற்று எது வரவு என்று யோசித்தால் போதும். இங்கே செக்கிங் யூனிட் நடத்தும் ஒருவர் முதல் நாளே ஒரு மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். டையிங் பில், நூல் பில், டீசல் பில், வீட்டு மளிகை பில், பையனின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது எல்லாம் கலந்து கிடந்தன. மளிகையையும் ஃபீஸையும் தனியாக எடுத்து வைத்து, "இது எடுப்புங்க, உங்க சொந்தச் செலவு" என்றேன். பிளஸ் ஒன் பாடத்தில் வருவதுதான். அவர் கொஞ்ச நேரம் அந்தக் குவியலையே பார்த்துவிட்டு, "அப்ப லாபம்னு நான் நெனச்சுட்டு இருந்தது?" என்று கேட்டார். அன்றைக்கு இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி அறிக்கை, அதாவது நாம் வாங்கிய சரக்குக்கான பில்களின் பட்டியல் வரும். நமக்குச் சரக்கு கொடுத்தவர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1இல் பில்லை ஏற்றியிருந்தால்தான் அதில் தெரியும், வாங்கும்போது கட்டிய வரிக்கு வரிக்கழிவும் கிடைக்கும். ஒரு முறை ஒரு டையிங் பில் மட்டும் வரவேயில்லை. ஜிஎஸ்டி எண்ணின் 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்து பான் எண். டையிங்காரரின் பில்லை எடுத்து, அதில் போட்டிருந்த எங்கள் யூனிட் எண்ணை விரலால் ஓட்டிப் பார்த்ததில், பான் எண்ணை அடுத்து வரும் பதிவு வரிசை எண்ணில் 1க்குப் பதில் 2 இருந்தது. அதே யூனிட் முதலாளியின் இன்னொரு ஜிஎஸ்டி பதிவுக்குக் கழிவு போய் உட்கார்ந்திருந்தது. விடைத்தாள் திருத்திப் பழகிய கண்ணுக்கு இந்த வேலை இயல்பாக வருகிறது. 20ஆம் தேதி 3பி என்ற மாத வரிக்கணக்குத் தாக்கல் வரை இப்படித்தான் போகும்.

சொந்தமாகப் பார்க்க வேண்டும் என்றால் ஜிஎஸ்டி பிராக்டிஷனராக, அதாவது மற்றவர்களுக்காக ஜிஎஸ்டி தாக்கல் செய்பவராகப் பதிய வேண்டும். பி.காம்., எம்.காம். படித்தவர்கள் பிசிடி-01 படிவத்தில் போர்ட்டலிலேயே விண்ணப்பிக்கலாம். பதிந்த இரண்டு வருடத்துக்குள் மத்திய அரசின் நாசின் அகாடமி நடத்தும் தேர்வில் தேற வேண்டும். 100 கொள்குறி வினாக்கள், இரண்டரை மணி நேரம், 50 சதவீதம் எடுத்தால் பாஸ், தவறான விடைக்கு மார்க் குறைப்பு இல்லை. விதிகளைப் படிவங்களோடு சேர்த்துப் படித்தேன். வெறும் சட்டப் பிரிவாகப் படித்தால் மனதில் நிற்பதில்லை.

வருகிற ஏப்ரலில் விலகலாம் என்று நினைப்பவர்கள் அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலேயே யுஏஎன் போர்ட்டலைத் திறந்து பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி மூன்றையும் ஆதாரோடும் நியமன ஆணையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பளச் சீட்டு தராத பள்ளி என்றால், சம்பளம் ஏறும் வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்டை வருடவாரியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டி கேட்கும்போது எத்தனை வருடம் வேலை பார்த்தோம் என்பதற்கு அதுவும் சாட்சியாக நிற்கும்.