சித்தப்பாவின் ஜாவா சாலைக்கு வந்தது

குன்னூரில் சித்தப்பா வீட்டு விறகுக் கொட்டகையில் பதினெட்டு ஆண்டுகள் சாக்கு மூடிக் கிடந்த 1969ஆம் ஆண்டு ஜாவா மோட்டார் சைக்கிள் இன்று சாலைக்கு வந்துவிட்டது. மைசூரில் அதைச் செய்த ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டதால், உதைத்துக் கிளப்பவும் கியர் மாற்றவும் பயன்படும் அந்த ஒற்றை லீவருக்கு மட்டும் ஏழு மாதம் கோயம்புத்தூர்க் கடைகளில் அலைந்தேன்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021ஆம் ஆண்டு விதிப்படி 'விண்டேஜ்' பதிவு பெறலாம் என்றாலும், அப்படிப் பதிந்ததைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். எனக்கோ வாரந்தோறும் கோத்தகிரி போய்வர வேண்டும். ஆகவே ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றி, காப்பீடும் புகைச் சான்றும் எடுத்து, வழக்கமான பதிவையே ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டேன். எஞ்சின் எண்ணைத் துரு மறைத்திருந்ததால் முதல் ஆய்வில் திருப்பி அனுப்பினார்கள் (அதில் தவறு சொல்ல முடியாது); மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் அந்த எண்ணை மீட்டுத் தந்தன.

மலையில் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இறக்கமே சோதனை. பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் எஞ்சினுக்குள் செல்கிறது என்பதால், த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) மூடியபடி கியரிலேயே நெடுந்தூரம் இறங்கினால் பிஸ்டன் ஆயிலின்றிக் காய்ந்து இறுகிவிடக்கூடும். பர்லியார் இறங்கும் வரை பின்னால் அமர்ந்திருந்த சித்தப்பா, ஒவ்வொரு வளைவிலும் என் தோளைத் தட்டி, "கொஞ்சம் முறுக்கிவிடுப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.