அப்பாவின் சான்றிதழில் இருந்த ஊர்

அப்பா படித்தது மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில். ஆனால் வீட்டுச் சுவரில், ஓரம் பழுப்பேறித் தொங்கும் அவருடைய பி.டி. (இறையியல் இளங்கலை) சான்றிதழில் செராம்பூர் என்று இருக்கும். போன வாரம் கல்கத்தா போன கையோடு அந்த ஊருக்கும் போய்விட்டேன். ஹூக்ளி ஆற்றங்கரையில், செராம்பூர் கல்லூரியின் உயரமான தூண்களுக்குக் கீழே நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

1818-இல் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற ஆங்கிலேய மிஷனரிகள் மூவரும் 37 மாணவர்களோடு தொடங்கியது. கேரி செருப்புத் தைத்துப் பிழைத்தவர், கல்லூரி வாசலை மிதிக்காதவர். நம் தரங்கம்பாடி மாதிரியே செராம்பூரும் அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1827-இல் டென்மார்க் மன்னர் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்தார். 1845-இல் இரண்டு ஊர்களையும் ஆங்கிலேயருக்கு விற்றபோதும் அந்த உரிமை பறிபோகவில்லை. ஆனால் முதல் பி.டி. பட்டம் 1915-இல்தான். 88 வருடம்! எத்தனை பேர் அதைப் பார்க்காமலே போயிருப்பார்கள்.

அப்புறம் 1918-இல் அந்த உரிமையை உறுதிசெய்து வங்காளத்தில் தனிச் சட்டம் வந்தது. இன்று இந்தியா முழுக்க, இலங்கையிலும்கூட, இறையியல் கல்லூரிகள் இதனோடு இணைந்திருக்கின்றன. அப்பா படித்த கல்லூரியும் அப்படித்தான்; அதனால்தான் சான்றிதழில் இந்த ஊர்.

அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "நான் ஒரு தடவைகூட பார்த்ததில்லடா, இன்னும் ரெண்டு படம் அனுப்பு" என்றார்.